தேயிலைக்கு முன்னால் மொலாசஸ்: அமெரிக்கப் புரட்சிக்கு முந்தைய கடல் தகராறு

"தேயிலை வரியை ஏற்றினார்கள், பாஸ்டன்காரர்கள் கோபத்தில் தேயிலையைக் கடலில் கொட்டினார்கள், புரட்சி வெடித்தது." பள்ளிப் பாடம் முதல் வாட்ஸ்அப் வரை இந்தக் கதை இப்படித்தான் ஓடுகிறது. இதில் முதல் துண்டே தவறு. 1773-இல் தேயிலை வரி ஏறவே இல்லை. ஒரு பவுண்டு எடைக்கு 3 பென்ஸ் என்று 1767-இல் போட்ட வரி அப்படியே இருந்தது. 1773-ஆம் ஆண்டுச் சட்டம் கிழக்கிந்தியக் கம்பெனி இங்கிலாந்தில் கட்டவேண்டிய வரியைத் தள்ளுபடி செய்தது. லண்டன் இடைத்தரகர்களுக்கு வேலையில்லாமல் நேரே அமெரிக்காவில் விற்கவும் விட்டது. அதனால் தேயிலை மலிவாகத்தான் வந்திருக்கும்.

மலிவாக வரும் சரக்கை யாராவது கடலில் கொட்டுவார்களா? கொட்டினார்கள். காரணம் புரிய வேண்டுமானால் தேயிலையை ஓரமாக வைத்துவிட்டு, அதற்குப் பல ஆண்டுகள் முன்பிருந்தே துறைமுகங்களில் என்ன நடந்துகொண்டிருந்தது என்று பார்க்க வேண்டும். வரி எவ்வளவு என்பதைவிட, கப்பலை நிறுத்துபவர் யார், பிடித்தால் அவருக்கு என்ன கிடைக்கும், வழக்கு எந்த நீதிமன்றத்துக்குப் போகும் என்ற மூன்று கேள்விகளில்தான் தகராறு முற்றியது.

ஒரு சோதனைச் சாவடியை நினைத்துக்கொள்ளுங்கள்

நெடுஞ்சாலையில் ஒரு சோதனைச் சாவடி. சரக்கு லாரி இன்னின்ன சீட்டு வைத்திருக்க வேண்டும், இவ்வளவு வரி கட்ட வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. ஆனால் முப்பது வருடமாகச் சாவடிக்காரர் மாமூல் வாங்கிக்கொண்டு கையசைத்து அனுப்பிவிடுகிறார். லாரிக்காரர், கடைக்காரர், வாங்குகிற ஊர்க்காரர் எல்லோருடைய கணக்கும் அந்த மாமூலை வைத்துத்தான் ஓடுகிறது.

திடீரென்று ஒருநாள் சாவடியில் ராணுவம் வந்து நிற்கிறது. லாரியைப் பிடித்தால் லாரி, சரக்கு இரண்டையும் விற்ற பணத்தில் பாதி பிடித்தவர்களுக்கே. வழக்கு உள்ளூர் நீதிமன்றத்துக்குப் போகாது. ஒற்றை நீதிபதி தீர்ப்புச் சொல்வார், தப்புச் செய்யவில்லை என்று லாரிக்காரர்தான் நிரூபிக்க வேண்டும். இதே நேரத்தில் வரியைப் பாதியாகக் குறைத்திருக்கிறோம் என்றும் அரசு அறிவிக்கிறது. யாராவது நன்றி சொல்வார்களா?

அட்லாண்டிக் கரையில் 1763-க்குப் பிறகு நடந்தது ஏறக்குறைய இதுதான்.

சட்டப் புத்தகத்தில் இருந்தது என்ன

கப்பலோட்டச் சட்டங்கள் என்று ஒரு தொகுப்பு. 1651-இல் தொடங்கி 1660, 1663, 1673, 1696 என்று அடுக்கடுக்காக வந்தவை. அமெரிக்கக் காலனிகளின் வியாபாரத்தால் வரும் லாபம் தாய்நாடான இங்கிலாந்துக்குள்ளேயே சுற்ற வேண்டும் என்பதுதான் எல்லாவற்றுக்கும் அடிப்படை.

இவற்றில் நமக்குத் தேவையான விதிகள் கொஞ்சம்தான். காலனி வியாபாரம் ஆங்கிலேயக் கப்பலில்தான் நடக்க வேண்டும். மாலுமிகளில் முக்கால் பங்கு ஆங்கிலேயராக இருக்க வேண்டும். புகையிலை, சர்க்கரை, பருத்தி, அவுரி போன்ற பட்டியல் சரக்குகளை, அதாவது சட்டத்தில் பெயர் குறித்த பொருள்களை, இங்கிலாந்துக்கோ வேறொரு ஆங்கிலேயக் காலனிக்கோ மட்டுமே அனுப்பலாம். ஐரோப்பியப் பொருள் எதுவும் பெரும்பாலும் இங்கிலாந்து வழியாகத்தான் காலனிக்குள் வர வேண்டும். கம்பெனியின் ஆசியச் சரக்குக்கும் இதே பாதைதான். நம் சோழமண்டலக் கரையில் நெய்த துணி பாஸ்டன் கடைக்குப் போக வேண்டுமானால் முதலில் லண்டன் போய்ச் சேர வேண்டும்.

இங்கே பலர் தடுக்கி விழுவார்கள். இந்தச் சட்டங்களைக் காலனிக்காரர்கள் ஆரம்பத்திலிருந்தே வெறுத்தார்கள் என்று எழுதுவது வழக்கம். அப்படியில்லை. "ஆங்கிலேயர்" என்ற சொல்லுக்குள் காலனிக்காரர்களும் அடக்கம். அவர்கள் கட்டிய கப்பலும் ஆங்கிலேயக் கப்பல்தான். டச்சுக்காரன் போட்டிக்கு வர முடியாது என்பதால் நியூ இங்கிலாந்தின், அதாவது பாஸ்டனைச் சுற்றியிருந்த வடகிழக்குக் காலனிகளின், கப்பல்கட்டும் தொழில் கொழித்தது. 1770-களில் பிரிட்டிஷ் வணிகக் கப்பல்களில் ஏறக்குறைய மூன்றில் ஒன்று அமெரிக்காவில் கட்டியது. மத்தியதரைக் கடலில் வட ஆப்பிரிக்கக் கொள்ளையரிடமிருந்து தப்பவும் பிரிட்டிஷ் கொடிதான் காவல். வர்ஜீனியாவின் புகையிலைக்காரர்கள் முணுமுணுத்தார்கள், உண்மைதான். பாஸ்டனும் நியூபோர்ட்டும் இந்த ஏற்பாட்டில் நன்றாகவே சம்பாதித்தன.

ஒரேயொரு சட்டம்தான் தொண்டையில் முள்ளாக நின்றது.

மொலாசஸ் கணக்கு

கரும்புச்சாற்றைக் காய்ச்சிச் சர்க்கரையைப் பிரித்தபின் மிஞ்சும் கறுப்புப் பாகுதான் மொலாசஸ். அதைப் புளிக்கவைத்து வடித்தால் ரம். நியூ இங்கிலாந்தின் வடிசாலைகள் இதை நம்பியே இருந்தன. மேற்கிந்தியத் தீவுகளில் பிரெஞ்சுக்காரர்களிடம் இந்தப் பாகு மலிவாகக் கிடைத்தது. பிரான்ஸ் தன் பிராந்தித் தொழிலைக் காப்பாற்ற ரம்மை உள்ளே விடவில்லை. ஆகவே அவர்களுடைய தீவுகளில் பாகு வீணாகத் தேங்கியது. பாஸ்டன், நியூபோர்ட் கப்பல்கள் கருவாட்டையும் மரப்பலகையையும் குதிரையையும் ஏற்றிக்கொண்டு போய் இறக்கிவிட்டு, பாகோடு திரும்பின. அந்தக் கருவாட்டில் மட்டமான ரகம் தீவுகளில் அடிமைகளின் சாப்பாட்டுக்குப் போனது. வடித்த ரம்மில் ஒரு பகுதி ஆப்பிரிக்கக் கரைக்குப் போய் அங்கே மனிதர்களையே விலைக்கு வாங்கியது. சுதந்திரம் பேசிய துறைமுகங்களின் பணம் எங்கிருந்து வந்தது என்பதையும் இந்தக் கணக்கோடு சேர்த்தே படிக்க வேண்டும்.

பிரிட்டிஷ் தீவுகளின் சர்க்கரைத் தோட்ட முதலாளிகள் பாராளுமன்றத்தில் செல்வாக்குள்ளவர்கள். அவர்கள் 1733-இல் மொலாசஸ் சட்டத்தைக் கொண்டுவரச் செய்தார்கள்: வெளிநாட்டு மொலாசஸுக்கு காலனுக்கு 6 பென்ஸ். பேருக்குத்தான் வரி, பிரெஞ்சுச் சரக்கை அடியோடு நிறுத்துவதுதான் நோக்கம்.

ஒரு கப்பலை எடுத்துக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். 100 பெரிய பீப்பாய், பீப்பாய்க்குச் சுமார் 100 காலன், ஆக 10,000 காலன். அன்று 12 பென்ஸ் ஒரு ஷில்லிங், 20 ஷில்லிங் ஒரு பவுன்; அதாவது 240 பென்ஸ் ஒரு பவுன். 6 பென்ஸ் வீதம் வரி 250 பவுன். அன்றைய கடற்படையில் தேர்ந்த மாலுமிக்கு 28 நாளைக்கு 24 ஷில்லிங்தான் சம்பளம். வருடம் முழுக்க உழைத்தாலும் 16 பவுன் சேராது. ஒரு நடைக்கு 250 பவுன் கட்டினால் வியாபாரம் படுத்துவிடும். சுங்க அதிகாரிக்கு காலனுக்கு ஒன்று, ஒன்றரை பென்ஸ் தள்ளினால் 10,000 காலனுக்கு அதிகபட்சம் 62 பவுன் 10 ஷில்லிங். கப்பல்காரர் எதைத் தேர்ந்தெடுப்பார் என்று சொல்ல வேண்டியதில்லை.

சட்டப்படி நடந்தால் என்ன ஆகும் என்பதை ரோட் ஐலண்டு காலனி 1764-இல் லண்டனுக்கு எழுதிய முறையீட்டில் புள்ளிவிவரத்தோடு சொன்னது. தங்கள் காலனிக்கு ஆண்டுக்குச் சுமார் 14,000 பீப்பாய் மொலாசஸ் வருகிறது. அதில் பிரிட்டிஷ் தீவுகளிலிருந்து வருவது 2,500-ஐத் தாண்டாது. மிச்சமெல்லாம் சட்டத்தின் கண்ணில் கள்ளச் சரக்கு. ஒரு காலனியின் பிழைப்பில் ஐந்தில் நாலு பங்கு கள்ளக்கடத்தல் என்றால், "கள்ளக்கடத்தல்" என்ற சொல்லுக்கே அங்கே பொருள் மாறிப்போகிறது.

சுருக்கமாக இதுவரை: சட்டம் கடுமை, அமலாக்கம் தளர்வு, நடுவில் மாமூல். மூன்றும் சேர்ந்து ஒரு தலைமுறைக்கு அமைதியைக் கொடுத்தன.

1763: கடற்படை சுங்கக்காரன் ஆனது

பிரான்ஸோடு நடந்த ஏழாண்டுப் போர் முடிந்தபோது பிரிட்டனின் கடன் 12 கோடி பவுனைத் தாண்டியிருந்தது. பிரதமர் கிரென்வில் கணக்கேட்டைப் புரட்டினார். அமெரிக்கச் சுங்கத்தில் ஆண்டு வருமானம் சுமார் 2,000 பவுன்கூட இல்லை. அதை வசூலிக்கும் செலவோ பல மடங்கு. போர்க் காலத்திலேயே காலனிக் கப்பல்கள் எதிரியான பிரெஞ்சுத் தீவுகளோடு வியாபாரம் செய்தன என்ற கோபமும் லண்டனில் இருந்தது.

1763-இல் வந்த சட்டம் கடற்படை அதிகாரிகளுக்குச் சுங்க அதிகாரம் கொடுத்தது. அமைதிக் காலத்தில் சும்மா நிற்கும் போர்க்கப்பல்கள் அமெரிக்கக் கரையில் ரோந்து போகலாம், வணிகக் கப்பலை நிறுத்தலாம், பிடிக்கலாம். பெரிய போர்க்கப்பலுக்கு ஆழம் வேண்டும். ஓடையிலும் விரிகுடா மூலையிலும் நுழையாது. அதனால் உள்ளூரில் கட்டிய ஸ்கூனர்களைக் கடற்படை வாங்கியது. ஸ்கூனர் என்பது இரண்டு பாய்மரமுள்ள, வேகமான, ஆழம் குறைந்த நீரிலும் ஓடும் சிறு கப்பல். கடத்துபவர்கள் எதை ஓட்டினார்களோ அதே ரகம்.

அடுத்தது பங்கு. கரையில் சுங்கக்காரர் பிடித்தால் விற்ற பணம் மூன்றாகப் பிரியும்: அரசருக்கு ஒன்று, ஆளுநருக்கு ஒன்று, பிடித்தவருக்கு ஒன்று. கடலில் கடற்படை பிடித்தால் பாதி அரசருக்கு, பாதி பிடித்த கப்பலின் அதிகாரிகளுக்கும் ஆட்களுக்கும். போர்க் காலத்தில் எதிரிக் கப்பலைப் பிடித்தால் கிடைக்கும் பரிசுப் பணத்தின் அதே முறை. இப்போது அது சொந்தக் குடிகளின் கப்பல்மேல் வந்து இறங்கியது. மாமூல் வாங்குபவருக்குக் கப்பல் தொடர்ந்து ஓட வேண்டும். பங்கு வாங்குபவருக்குக் கப்பல் மாட்ட வேண்டும். தகராறின் அச்சாணி இங்கேதான் இருக்கிறது.

1764-இல் சர்க்கரைச் சட்டம் வந்து மொலாசஸ் வரியை 6 பென்ஸிலிருந்து 3 பென்ஸாக்கியது. நம் 10,000 காலன் கப்பலுக்கு 125 பவுன். காகிதத்தில் பாதி, நடைமுறையில் மாமூலைப்போல் இரண்டு மடங்கு. 1766-இல் 1 பென்னிக்கு இறக்கினார்கள். 41 பவுன் சொச்சம். மாமூலைவிடக் குறைவு என்பதால் வரி ஒழுங்காக வசூலானது. பணத்தோடு விவகாரம் முடிந்திருந்தால் 1766-லேயே எல்லாம் அடங்கியிருக்கும்.

கப்பல் பிடிபடும் விதம்

கடற்படைக் கப்பல் ஒரு குண்டு சுட்டு எச்சரிக்கும். வணிகக் கப்பல் பாயை இறக்கி நிற்க வேண்டும். படகில் வரும் அதிகாரி முதலில் கேட்பது காகிதங்கள். கப்பலின் பதிவுச் சான்று. சரக்கு எங்கே இறங்கும் என்பதற்குக் கொடுத்த பிணைப்பத்திரம். அப்புறம் காக்கெட்; எந்தச் சரக்கு, எவ்வளவு, எந்தத் துறைமுகத்தில் ஏறியது, வரி கட்டியாயிற்றா என்று சுங்கச்சாவடி முத்திரையிட்டுத் தரும் சீட்டு அது. காகிதத்துக்கும் கப்பலுக்குள் இருப்பதற்கும் ஒரு மூட்டை வித்தியாசம் வந்தாலும் பிடிக்கலாம். பிடித்த கப்பலின் பாய்மரத்தில் அகன்ற அம்புக்குறியை இடுவார்கள். அரசருடைய சொத்து என்பதற்கு அடையாளம்.

(அதே அம்புக்குறி காட்டிலும் இருந்தது. கடற்படைக்குப் பாய்மரம் வேண்டுமென்று, அடியில் 24 அங்குல விட்டமுள்ள வெள்ளைப் பைன் மரங்களை அரசருக்கென்று ஒதுக்கி, கோடாலியால் மூன்று வெட்டுப் போட்டு வைத்தார்கள். சொந்த நிலத்தில் நிற்கும் மரத்தை வெட்டினாலும் அபராதம். 1772 ஏப்ரலில் நியூ ஹாம்ப்ஷயரின் வியர் ஊரில் இதற்காக வந்த ஷெரிஃபை மரக்கிளையாலேயே அடித்து அனுப்பினார்கள்.)

அடுத்து நீதிமன்றம். சாதாரணக் குற்றத்துக்கு ஜூரி உண்டு; ஊர்க்காரர்கள் பன்னிரண்டு பேர் உட்கார்ந்து முடிவு சொல்வார்கள். கள்ளச் சரக்கு வழக்கில் உள்ளூர் ஜூரி யாரையும் தண்டிக்காது என்பது ஊரறிந்த விஷயம். அதனால் வழக்குகள் துணை அட்மிரால்டி நீதிமன்றத்துக்குப் போயின. கடல் வழக்குகளுக்கென்று காலனிகளில் அமைத்த நீதிமன்றம். ஜூரி இல்லை, நீதிபதி ஒருவரே. சர்க்கரைச் சட்டம் இதை மேலும் இறுக்கியது. கப்பலை மீட்க வழக்காடுபவர் முதலில் 60 பவுன் பிணை கட்ட வேண்டும். சரக்குச் சட்டப்படி வந்தது என்று அவரே நிரூபிக்க வேண்டும். ஜெயித்துவிட்டாலும், சந்தேகத்துக்கு நியாயமான காரணம் இருந்தது என்று நீதிபதி எழுதிவிட்டால், பிடித்த அதிகாரிமேல் நஷ்டஈடு கேட்க முடியாது. அதிகாரி விரும்பினால் வழக்கை நோவா ஸ்கோஷியாவின் ஹாலிஃபாக்ஸுக்கே கொண்டுபோகலாம். அங்கே உண்மையில் போன வழக்குகள் சொற்பம். போக வேண்டிவரும் என்ற பயம்தான் வேலை செய்தது. இங்கிலாந்தில் இதே மாதிரிச் சுங்க வழக்கு ஜூரி முன்னால் நடந்தது. காலனிக்காரர்களுக்கு உறுத்தியது இந்த வேற்றுமைதான்.

சீட்டுத் தகராறு எவ்வளவு அற்பமாகவும் போகலாம் என்பதற்கு தென் கரோலினாவின் ஹென்றி லாரன்ஸ் ஒரு சாட்சி. பணக்கார வியாபாரி, அடிமை வியாபாரத்தில் சம்பாதித்தவர், அரசருக்கு விசுவாசமான ஆள். 1767-இல் அவருடைய தோட்டங்களுக்குப் போய்வந்த இரண்டு சிறு கப்பல்களைச் சார்ல்ஸ்டனின் சுங்க அதிகாரி டேனியல் மோர் காகிதக் குறையைச் சொல்லிப் பிடித்தார். சொந்தத் தோட்டத்துக்குச் சாமான் கொண்டுபோன கப்பல். அந்த ஓடைக்கரையில் சீட்டுக் கொடுக்கச் சுங்கச்சாவடியே கிடையாது. ஒரு கப்பல் பறிபோனது, மற்றது விடுபட்டது. லாரன்ஸ் நடுத்தெருவில் மோரின் மூக்கைப் பிடித்துத் திருகினார். பின்னாளில் இதே லாரன்ஸ், காலனிகளின் பிரதிநிதிகள் கூடிய புரட்சிக் காங்கிரஸின் தலைவரானார்.

கரையிலும் இதே அதிகாரம் நீண்டது. உதவி ஆணை என்று ஒன்று. யார் வீடு, என்ன பொருள் என்று எதுவும் குறிக்காமல், சுங்க அதிகாரி எந்தக் கிடங்கிலும் நுழைந்து தேடலாம் என்று அனுமதிக்கும் திறந்த ஆணை. அரசர் இறந்தால் ஆறு மாதத்தில் காலாவதியாகும். இரண்டாம் ஜார்ஜ் 1760 அக்டோபரில் இறந்தார். புது ஆணை கேட்டபோது 1761-இல் பாஸ்டனில் வக்கீல் ஜேம்ஸ் ஓட்டிஸ் எதிர்த்து மணிக்கணக்கில் வாதாடினார். வழக்கில் தோற்றார், வாதம் ஊர்முழுக்கப் பரவியது.

ஆள்பிடிப்பு: சரக்கோடு மனிதனும்

இதுவரை சொன்னதெல்லாம் கப்பல் முதலாளியின் கவலை. கலகத்தில் தெருவில் இறங்கியவர்கள் பெரும்பாலும் மாலுமிகள், துறைமுகக் கூலிகள், பையன்கள். அவர்களுக்கு மொலாசஸ் வரியால் என்ன நஷ்டம்? அவர்களுடைய பயம் வேறு: கட்டாய ஆள்பிடிப்பு. கடற்படைக்கு ஆள் குறைந்தால் வணிகக் கப்பலிலோ துறைமுகத் தெருவிலோ மாலுமிகளைப் பிடித்துக் கொண்டுபோகலாம். 1653-இல் நிர்ணயித்த கடற்படைச் சம்பளம் 1797 வரை மாறவில்லை. போர் வந்தால் வணிகக் கப்பலில் கூலி எங்கேயோ ஏறிவிடும். விரும்பிச் சேர ஆள் கிடைக்காது, சேர்ந்தவர்களும் துறைமுகம் வந்ததும் ஓடிவிடுவார்கள். ஓடியவர் இடத்தை நிரப்ப இன்னும் பத்துப் பேரைப் பிடிப்பார்கள்.

அமெரிக்காவில் ஆள்பிடிக்கக் கூடாது என்று 1708-லேயே ஒரு சட்டம் வந்தது. அந்தப் போரோடு அது காலாவதியாகிவிட்டது என்றது கடற்படை. இன்னும் உயிரோடு இருக்கிறது என்றார்கள் காலனிக்காரர்கள். 1746-இல் மேற்கிந்தியத் தீவுகளுக்கு மட்டும் பாராளுமன்றம் விலக்குக் கொடுத்தது, வட அமெரிக்காவுக்குக் கொடுக்கவில்லை. சர்க்கரை முதலாளிக்கு ஒரு நியாயம், நமக்கு ஒரு நியாயமா என்ற புகைச்சல் அப்போதே தொடங்கிவிட்டது.

1747 நவம்பரில் பாஸ்டன் துறைமுகத்தில் நின்ற கடற்படைப் பிரிவின் தலைவர் (கொமடோர்) சார்ல்ஸ் நோல்ஸின் கப்பல்களிலிருந்து ஆட்கள் ஓடினார்கள். நோல்ஸ் படகுகளை அனுப்பி 46 பேரைப் பிடித்தார். ஊர் திரண்டது. கரையில் அகப்பட்ட கடற்படை அதிகாரிகளைப் பணயமாகப் பிடித்து வைத்தார்கள். ஒரு படகைத் தூக்கிக்கொண்டு போய் எரித்தார்கள், நோல்ஸுடைய படகு என்று நினைத்து. உண்மையில் அது வேறொருவருடையது. ஆளுநர் ஷர்லி ஊர்க்காவல் படையைக் கூப்பிட்டார், படை வரவில்லை. வராதது மட்டுமா, வர வேண்டியவர்களில் பலர் கூட்டத்திலேயே இருந்தார்கள். ஆளுநர் துறைமுகத் தீவிலிருந்த கோட்டைக்குப் போய்விட்டார். ஊரைக் குண்டு வீசித் தகர்ப்பேன் என்று நோல்ஸ் மிரட்டினார். மூன்று நாள் கழித்துப் பிடிபட்டவர்களில் பெரும்பாலோர் விடுதலையானார்கள், அதிகாரிகளும் திரும்பினார்கள். தேயிலைக்கு 26 வருடம் முன்னால் நடந்தது இது.

1769 ஏப்ரலில் ரோஸ் என்ற போர்க்கப்பலின் லெஃப்டினன்ட் பான்டன், மார்பிள்ஹெட் ஊருக்குத் திரும்பிக்கொண்டிருந்த ஒரு கப்பலில் ஆள்பிடிக்க ஏறினார். மைக்கேல் கார்பெட் என்ற மாலுமி கப்பலின் அடித்தட்டு மூலையில் நின்று, உப்பால் கோடு கிழித்து, இதைத் தாண்டினால் கொல்வேன் என்றார். பான்டன் தாண்டினார். கையிலிருந்த மீன்குத்தி ஈட்டி அவர் கழுத்தில் இறங்கியது. வழக்கில் கார்பெட்டுக்காக வாதாடியவர் ஜான் ஆடம்ஸ். தற்காப்பு என்று சொல்லி நீதிமன்றம் விடுவித்தது.

ஆக, பங்குக்காகக் கப்பலைப் பிடிப்பதும் ஆளைப் பிடிப்பதும் ஒரே சீருடையின் வேலை. முதலாளியும் கூலிக்காரனும் ஒரே பக்கம் நின்றதற்கு இதைவிடப் பெரிய காரணம் தேட வேண்டியதில்லை.

லிபர்ட்டி: இரண்டும் சேர்ந்தபோது

1767-இல் பாஸ்டனிலேயே சுங்க ஆணையர் குழு ஒன்றை உட்காரவைத்தார்கள். 1768 மே மாதம் பாஸ்டன் வியாபாரி ஜான் ஹான்காக்கின் லிபர்ட்டி என்ற கப்பல் மடெய்ரா ஒயினோடு வந்தது. 25 பெரிய பீப்பாய்க்கு வரி கட்டினார். கப்பலின் கொள்ளளவுக்கு இது கொஞ்சம் என்று எல்லோருக்கும் தெரியும். காவலுக்கு ஏறியிருந்த சுங்கச் சேவகர் முதலில் எதையும் பார்க்கவில்லை என்றார். ஒரு மாதம் கழித்து, தன்னைக் கப்பலுக்குள் பூட்டிவைத்தார்கள், சரக்கு இறங்கும் சத்தம் கேட்டது என்று சத்தியம் செய்தார்.

ஆனால் ஜூன் 10-இல் கப்பலைப் பிடித்ததற்குச் சொன்ன காரணம் ஒயின் இல்லை; திமிங்கில எண்ணெயையும் தாரையும் அனுமதிச் சீட்டு இல்லாமல் ஏற்றினார்கள் என்பது. முதலில் பிணை, பிறகு சரக்கு என்பது சட்டத்தின் எழுத்து. முதலில் சரக்கு, கிளம்பும்போது பிணை என்பது துறைமுகத்தின் நெடுநாள் வழக்கம். மற்றவர்களை வழக்கப்படி விட்டுவிட்டு, வேண்டாத ஆளிடம் மட்டும் எழுத்தைக் காட்டினால் அது சட்டமாகத் தெரியாது.

பிடித்த கப்பலை 50 பீரங்கியுள்ள ராம்னி என்ற போர்க்கப்பலின் படகுகள் வந்து இழுத்துப்போயின. அந்த ராம்னிதான் சில நாளாகத் துறைமுகத்தில் நுழையும் கப்பல்களில் ஆள்பிடித்துக்கொண்டிருந்தது. கூட்டம் சுங்க அதிகாரிகளைக் கல்லால் அடித்தது. அதிகாரி ஹாரிசனின் உல்லாசப் படகை ஊர்ப் பொதுவெளிக்கு இழுத்துப்போய் எரித்தது. ஆணையர்கள் தப்பி ராம்னியிலேயே ஏறினார்கள். அந்த இலையுதிர் காலத்தில் பாஸ்டனில் படை இறங்கியது. லிபர்ட்டி பறிமுதலாகிச் சுங்க ரோந்துக் கப்பலானது. அடுத்த வருடமே நியூபோர்ட்டில் எரித்துவிட்டார்கள்.

ரோட் ஐலண்டும் காஸ்பியும்

நியூபோர்ட்டைப் பற்றிச் சொல்ல நிறைய இருக்கிறது. 1764-இல் உள்ளூர்க் கோட்டையிலிருந்தே சென்ட் ஜான் என்ற கடற்படை ஸ்கூனரைச் சுட்டார்கள். 1765-இல் மெய்ட்ஸ்டோன் என்ற போர்க்கப்பலின் படகை ஆள்பிடிப்புக் கோபத்தில் இழுத்து வந்து எரித்தார்கள். இவற்றை விட்டுவிட்டு 1772-க்கு வருவோம்.

காஸ்பி என்ற ஸ்கூனரின் தளபதி லெஃப்டினன்ட் வில்லியம் டடிங்ஸ்டன் நாரகன்செட் விரிகுடாவில் கறாராக இருந்தார். விறகுப் படகைக்கூட நிறுத்தினார். பிடித்த ரம்மை ரோட் ஐலண்டு நீதிமன்றத்துக்குக் கொண்டுபோகாமல் பாஸ்டனுக்கு அனுப்பினார். உங்கள் அதிகாரப் பத்திரத்தைக் காட்டுங்கள் என்று கேட்ட ஆளுநருக்கு, கடற்படைத் தளபதி மான்டேகு பதில் எழுதினார்: காஸ்பி பிடித்த கப்பலை மீட்க வருபவனைக் கடற்கொள்ளையனாகத் தூக்கிலிடுவேன்.

ஜூன் 9 நண்பகலில் ஹன்னா என்ற கப்பல் நியூபோர்ட்டிலிருந்து பிராவிடன்ஸுக்குக் கிளம்பியது. காஸ்பி துரத்தியது. ஹன்னாவின் தலைவருக்கு அந்த விரிகுடாவின் ஒவ்வொரு மணல்திட்டும் மனப்பாடம். நாம்க்விட் முனையில் திட்டை ஒட்டித் தன் கப்பலை வளைத்துப்போனார். பின்னால் வந்த காஸ்பி திட்டில் ஏறி நின்றுவிட்டது. ஓதம் இறங்கிக்கொண்டிருந்த நேரம். மறுபடி நீர் ஏறிக் கப்பல் மிதக்க நள்ளிரவு தாண்ட வேண்டும். அதுவரை சாய்ந்து கிடக்கும். பீரங்கியைத் திருப்ப வழியில்லை.

இந்தக் கணக்கு பிராவிடன்ஸில் எல்லோருக்கும் உடனே புரிந்தது. வியாபாரி ஜான் பிரவுன் எட்டு நீளப் படகுகளை ஏற்பாடு செய்தார். சத்தம் வராமல் துடுப்புகளைத் துணி சுற்றி வைத்தார்கள். ஏப்ரஹாம் விப்பிள் முன்னால் போனார். நள்ளிரவுக்குப் பின் கப்பலைச் சூழ்ந்தார்கள். டடிங்ஸ்டன் குண்டடி பட்டார். தாக்க வந்தவர்களே அவருக்குக் கட்டுப்போட்டு, ஆட்களைக் கரையில் இறக்கிவிட்டு, ஸ்கூனரைக் கொளுத்தினார்கள். அரசர் பரிசு அறிவித்தார், விசாரணைக் குழு உட்கார்ந்தது. ஊரில் பாதிப் பேருக்குத் தெரிந்த பெயர்களைச் சொல்ல ஒருவரும் முன்வரவில்லை.

குற்றவாளிகளைப் பிடித்தால் விசாரணைக்கு இங்கிலாந்துக்கு அனுப்ப வேண்டும் என்று குழுவுக்கு உத்தரவு. கப்பல் எரிந்ததைவிட இந்தச் செய்திதான் மற்றக் காலனிகளை உலுக்கியது. ஜூரி இல்லாத நீதிமன்றம் போதாதென்று இப்போது கடல்தாண்டிய நீதிமன்றமா? 1773 மார்ச்சில் வர்ஜீனியா சட்டசபை, காலனிகள் தங்களுக்குள் செய்தி பரிமாறிக்கொள்ளக் கடிதப் போக்குவரத்துக் குழுவை அமைத்தது. மற்றவையும் தொடர்ந்தன.

இப்போது தேயிலைக்கு வருவோம்

அது அசாம் தேயிலை இல்லை. அசாமில் தோட்டங்கள் வந்தது அடுத்த நூற்றாண்டில். கம்பெனி சீனாவில் வாங்கிய தேயிலை.

டார்ட்மவுத் கப்பல் 1773 நவம்பர் 28-இல் பாஸ்டனுக்கு வந்தது. சுங்க விதிப்படி 20 நாளுக்குள் வரி கட்டிச் சரக்கை இறக்க வேண்டும். தவறினால் சுங்கம் பறிமுதல் செய்து ஏலம் விடும். ஏலத்தில் விற்றால் வரி தானாகக் கட்டியதாகிவிடும். கெடு டிசம்பர் 17. சரக்கோடு திரும்பிப் போகலாமே? சுங்கம் வெளியேற்றச் சீட்டுத் தராது. சீட்டு இல்லாமல் கோட்டையைக் கடக்க ஆளுநர் ஹட்சின்சன் அனுமதி தர மறுத்தார். துறைமுக வாயிலில் மான்டேகுவின் போர்க்கப்பல்கள். இறக்கவும் முடியாது, திரும்பவும் முடியாது, வைத்திருக்கவும் முடியாது.

கெடுவுக்கு முந்தைய இரவு, டிசம்பர் 16, டார்ட்மவுத், எலினார், பீவர் மூன்றிலும் ஏறி 342 பெட்டிகளை உடைத்துக் கொட்டினார்கள். ஓதம் இறங்கியிருந்ததால் தேயிலை மிதந்து போகாமல் கப்பலோரம் குவியலாக நின்றது. அதைத் தள்ளிவிட வேண்டியிருந்தது. கம்பெனியின் கணக்கில் நஷ்டம் 9,659 பவுன்.

பதிலுக்குப் பாராளுமன்றம் 1774 ஜூன் 1 முதல் பாஸ்டன் துறைமுகத்தையே மூடியது. 1775 ஜூனில் மேச்சியஸ் ஊர்க்காரர்கள் மார்கரெட்டா என்ற கடற்படை ஸ்கூனரைப் பிடித்தார்கள். அக்டோபர் 18-இல் லெஃப்டினன்ட் மோவட் ஃபால்மவுத் ஊரைக் குண்டு வீசி எரித்தார். அது இன்றைய மெய்ன் மாநிலத்தின் போர்ட்லாண்ட்.

அதற்கு ஐந்து நாள் முன்பு, அக்டோபர் 13-இல், காலனிகளின் காங்கிரஸ் சொந்தமாக இரண்டு கப்பல்களை ஆயத்தம் செய்ய முடிவெடுத்திருந்தது. அப்படி உருவான முதல் கடற்படையில் கொலம்பஸ் கப்பலின் தலைவர், காஸ்பியை எரிக்கப் படகு கொண்டுபோன அதே ஏப்ரஹாம் விப்பிள். நவம்பரில் விதிகளும் வந்தன. பிடித்த வணிகக் கப்பலின் மதிப்பில் மூன்றில் ஒரு பங்கு பிடித்தவர்களுக்கு. போர்க்கப்பல் என்றால் பாதி. பங்கு முறையை அப்படியே எடுத்துக்கொண்டார்கள். அதே தீர்மானத்தில், பிடித்த கப்பல்களின் வழக்கை விசாரிக்க ஒவ்வொரு காலனியும் நீதிமன்றம் அமைக்கட்டும், விசாரணை ஜூரியோடு நடக்கட்டும் என்றும் எழுதினார்கள்.